தவிட்டில் கிடைத்த நொதி

நெல் விளையும் மதுரைப் பக்கம் பன்றிக்குத் தவிடு எளிதாகக் கிடைக்கும் தீவனம். அதில் புரதம் உண்டு, ஆனால் முழுவதும் செரிக்காது. தவிட்டிலுள்ள ஃபைட்டிக் அமிலம் பாஸ்பரசைப் பூட்டி வைக்கிறது, புரதத்தோடும் ஒட்டிக்கொள்கிறது.

இந்த அமிலத்தை உடைக்கும் ஃபைட்டேஸ் நொதியை 1907-ல் ஜப்பானில் சுசுகியும் அவருடைய கூட்டாளிகளும் கண்டுபிடித்தார்கள். எதில் தெரியுமா? அதே அரிசித் தவிட்டில்! ஆனால் தவிட்டில் இருக்கும் அளவு பன்றிக்குப் போதாது.

84 வருடம் கழித்து, 1991-ல்தான் பூஞ்சையிலிருந்து தயாரித்த ஃபைட்டேஸ் நெதர்லாந்தில் தீவனச் சந்தைக்கு வந்தது. காரணம் புரதம் அல்ல. பன்றிக் கழிவில் வெளியேறிய பாஸ்பரஸ் அங்கே நீர்நிலைகளைக் கெடுத்தது. புரதம் சற்றுக் கூடுதலாகச் செரிப்பது உபரி லாபம்.

நம்மூர் விவசாயிக்கு மிஞ்சுவது ஒரே கணக்கு: மிச்சமாகும் புண்ணாக்கின் விலை, நொதியின் விலையைத் தாண்டுமா?