பழி சுமந்த அம்மாக்களும் ஒரு அப்பாவின் ஆராய்ச்சியும்

1956ஆம் ஆண்டு. அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் ஒரு தம்பதிக்கு ஆண் குழந்தை பிறந்தது. பார்ப்பதற்கு ஆரோக்கியமான குழந்தைதான். ஆனால் ஓயாத அழுகை. தூக்கி அணைத்தாலும் அடங்கவில்லை. வளர வளர, யார் முகத்தையும் பார்க்காமல், கேட்ட சொற்களையே திரும்பத் திரும்பச் சொன்னது. குழந்தைகள் மருத்துவருக்கும் இது என்னவென்று தெரியவில்லை.

குழந்தையின் தந்தை பெர்னார்ட் ரிம்லாண்ட், கடற்படையில் பணிபுரிந்த உளவியலாளர். 1953இல் முனைவர் பட்டம் பெற்றவர். அவருக்கும் தெரியவில்லை! கல்லூரியில் படித்த ஏதோ ஒரு புத்தகத்தில் இப்படிப்பட்ட குழந்தையைப் பற்றி வந்ததே என்று ஒருநாள் மனைவிக்கு நினைவு வந்தது. பழைய பாடப்புத்தகங்களைத் தேடி எடுத்துப் பார்த்தார்கள். மகனின் அறிகுறிகள் அப்படியே அதில் இருந்தன. 'ஆட்டிசம்' என்ற சொல்லை ரிம்லாண்ட் முதன்முதலாகப் பார்த்தது அன்றுதான்.

அந்தச் சொல்லோடு ஒரு பழியும் சேர்ந்தே வந்தது.

1943இல் லியோ கானர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் ஆட்டிசத்தைத் தனியாக அடையாளம் காட்டியது. இது பிறவியிலேயே வருவது என்று அதில் எழுதிய அவரே, பெற்றோர்கள் பாசம் காட்டாதவர்களாக இருப்பதையும் குறிப்பிட்டார். பிந்தியதையே பலரும் பிடித்துக்கொண்டார்கள். அன்பில்லாத 'குளிர்சாதனப் பெட்டி அம்மாக்கள்'தான் நோய்க்குக் காரணம் என்ற கருத்து பரவியது. சிகாகோவில் சிறுவர்களுக்கான விடுதிப் பள்ளியை நடத்திய புரூனோ பெட்டல்ஹைம் இதை மேலும் பிரபலமாக்கினார். பிள்ளையின் நிலையை நினைத்து நொந்துபோயிருந்த தாய், அதற்குக் காரணமே தான்தான் என்ற பேச்சையும் கேட்க வேண்டியிருந்தது.

ரிம்லாண்ட் தன் மனைவியைப் பார்த்தார். இந்தக் கருத்து எங்குமே பொருந்தவில்லை. ஆதாரம் தேடிக் கிளம்பினார். வேலை நிமித்தம் எந்த ஊருக்குப் போனாலும் அங்குள்ள நூலகங்களில் ஆட்டிசம் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தார். அவர் கண்டது என்ன?

அதே தாய் வளர்த்த மற்றப் பிள்ளைகள் பெரும்பாலும் இயல்பாகவே இருந்தார்கள். பெண்களைவிட ஆண் குழந்தைகளே அதிகம் பாதிக்கப்பட்டார்கள். ஒரே கரு இரட்டையர்களில் இருவருக்கும் வந்திருந்தது. பல குழந்தைகளிடம் பிறந்ததிலிருந்தே அறிகுறிகள் தெரிந்தன. எல்லாம் உடல் சார்ந்த காரணத்தையே காட்டின.

1964இல் இவற்றைத் தொகுத்துப் புத்தகமாக வெளியிட்டார். முன்னுரை எழுதியவர் வேறு யாருமல்ல, கானர்தான்! புத்தகத்தின் பின்னால் ஒரு கேள்விப் பட்டியலும் இருந்தது. பெற்றோர்கள் அதை நிரப்பி அவருக்கு அஞ்சலில் அனுப்பத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே, 1965இல், பெற்றோர்களின் தேசியச் சங்கம் உருவாக ரிம்லாண்ட் முன்நின்றார். 1967இல் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றையும் தொடங்கினார்.

1977இல் சூசன் ஃபோல்ஸ்டைன், மைக்கேல் ரட்டர் இருவரும் 21 இரட்டையர் ஜோடிகளை ஆராய்ந்தார்கள். ஒரே கரு இரட்டையர் 11 ஜோடிகளில் 4 ஜோடிகளில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. மற்ற 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. மரபணுவின் பங்கு தெளிவாகியது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் பிற்காலத்தில் ரிம்லாண்ட், தடுப்பூசிகளால் ஆட்டிசம் வரலாம் என்ற கருத்தை ஆதரித்தார். டென்மார்க்கில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்து 2002இல் வெளியான ஆய்வு, தட்டம்மைக்கான எம்.எம்.ஆர். தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பில்லை என்று காட்டியது. அந்தச் சந்தேகத்தைக் கிளப்பிய 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை லான்செட் இதழ் 2010இல் திரும்பப் பெற்றது. அதைப் பார்க்க ரிம்லாண்ட் இல்லை, 2006இல் காலமாகிவிட்டார்.

பிள்ளைமீது கொண்ட பாசம்தான் அவரை ஆராய்ச்சிக்குள் இழுத்தது. ஆனால் 1964இல் அவரை வெல்ல வைத்தது பாசம் மட்டுமல்ல, அவர் சேர்த்த ஆதாரங்கள். பின்னாளில் அவர் தவறியதும் அந்த ஆதார விஷயத்தில்தான். இருந்தாலும், ஒரு தலைமுறைத் தாய்மார்களின் தலையில் இருந்த பழியை இறக்கி வைத்ததில் அந்த அப்பாவுக்குப் பெரும் பங்குண்டு.