அண்ணாச்சி இழந்த 36 கிலோ

நீலசந்திராவில் எங்கள் தெரு முனையில் மளிகைக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சிக்கும் நம்ம திருநெல்வேலிப் பக்கம்தான். போன வருடம் இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷன் செய்துகொண்டார். 118 கிலோ இருந்தவர் பத்து மாதத்தில் 82க்கு வந்துவிட்டார். சர்க்கரை மாத்திரையும் பாதியாகக் குறைந்தது. தெருவே அவரைப் பார்த்து மூக்கில் விரல் வைத்தது.

ரெண்டு மாதம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, முன்னால 25 கிலோ அரிசி மூட்டையத் தோள்ல போட்டுட்டு மாடி ஏறுவேன். இப்ப தரையில இருந்து தூக்கவே யோசனையா இருக்கு." பதிவு போடட்டுமா என்று கேட்டேன். பேர் போடாம எழுதுங்க என்றார்.

அவர் இழந்தது 36 கிலோ. ஆனால் அது என்ன 36 கிலோ? தராசு அதைச் சொல்லாது. முன்பு ரயில்வே ஸ்டேஷனில் காசு போட்டால் எடையும் ஜோசியமும் அச்சடித்து ஒரு அட்டை வருமே, அந்த மெஷினும் சொன்னதில்லை :-)

இந்தக் கேள்வியை ஒழுங்காகக் கேட்டவர்களில் ஒருவர் ஆல்பர்ட் பெஹ்ன்கே, அமெரிக்கக் கடற்படை டாக்டர். உயரத்துக்கு இவ்வளவு எடைதான் என்று ராணுவத்தில் ஒரு அட்டவணை உண்டு. அதன்படி பார்த்தால் கால்பந்து ஆடும் (அமெரிக்க ஃபுட்பால்) முரட்டு ஆட்கள் பலர் 'தகுதியில்லாதவர்கள்'. 25 ஆட்டக்காரர்களைத் தண்ணீரில் முக்கி எடை பார்த்தார் பெஹ்ன்கே. கொழுப்பு மிதக்கும், தசையும் எலும்பும் அமிழும். ஆர்க்கிமிடீஸ் காலத்துச் சமாச்சாரம்தான். அட்டவணை ஒதுக்கியிருக்கக் கூடிய 17 பேரில் பெரும்பாலோருக்குக் கொழுப்பு குறைவு, கனமெல்லாம் தசை. கட்டுரை வெளியான வருடம் 1942. எடை வேறு, கொழுப்பு வேறு என்பது அன்றைக்கே தெளிவாகிவிட்டது.

ஆபரேஷன்காரர்கள் வந்தது அதற்குப் பிறகு. 1954இல் மினசோட்டாவில் கிரெமென் குழு, சிறுகுடலின் பெரும்பகுதியை உணவு தொடாமல் தாண்டிப் போகும்படி இணைத்த அனுபவத்தை எழுதியது. எடை மளமளவென்று குறைந்தது உண்மை. கூடவே ஓயாத வயிற்றுப்போக்கு, புரதச் சத்துக் குறைவு, சிலருக்குக் கல்லீரலே கெட்டது. பிற்பாடு அந்த முறையைக் கைவிட்டார்கள். அல்சருக்காக இரைப்பையின் ஒரு பகுதியை எடுத்த பெண்களுக்கு எடை ஏறவே மாட்டேன் என்கிறதே என்று கவனித்த அயோவாவின் எட்வர்ட் மேசன், 1966இல் இரைப்பை பைபாஸைத் தொடங்கினார். இன்றைய முறைகளுக்கெல்லாம் அவர்தான் முன்னோடி.

நம் ஊர்க் கதை இங்கேதான் சுவாரசியமாகிறது. நீலசந்திராவிலிருந்து ஈஜிபுரா தாண்டிப் போனால் சில கிலோமீட்டரில் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி. அங்கே பிரகாஷ் ஷெட்டி 1980களில் உடம்பின் கூட்டை அளந்தது குண்டானவர்களிடம் இல்லை, வருடக்கணக்காகச் சரியான சாப்பாடு இல்லாமல் மெலிந்தவர்களிடம். பசியில் உடம்பு எதை விட்டுக்கொடுக்கிறது, எதைப் பிடித்து வைக்கிறது என்பதுதான் அவர் கேள்வி. அனுரா குர்பாட் அந்த வேலையைத் தொடர்ந்தார். பின்னாளில் முழு உடம்பின் பொட்டாசியத்தை எண்ணும் கருவி ஒன்றையே அங்கே கட்டினார்கள். பொட்டாசியத்தில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்கு இயற்கையாகவே கதிர் வீசும். பொட்டாசியம் பெரும்பாலும் செல்லுக்குள்தான் இருக்கும், கொழுப்பில் அனேகமாகக் கிடையாது. ஆகவே கதிரை எண்ணினால் தசை முதலான உயிருள்ள சதை எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஊசியும் இல்லை, ஒன்றும் இல்லை.

2004இல் 'லான்செட்' இதழில் இரண்டு டாக்டர்கள் தங்கள் போட்டோவையே போட்டார்கள். புனேயின் யாஜ்னிக், லண்டனின் யுட்கின். இருவருக்கும் பிஎம்ஐ அதே 22.3. கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2! ஒல்லியாகத் தெரியும் நம் ஆட்களிடம் தசை குறைவு, கொழுப்பு அதிகம். இதனால்தான் ஆசியர்களுக்கு அளவுகோலைக் குறைத்தார்கள். 2022இல் வந்த சர்வதேச வழிகாட்டுதலின்படி பிஎம்ஐ 27.5 தாண்டினாலே நமக்கு ஆபரேஷனைப் பரிசீலிக்கலாம். சர்க்கரைக்கு அது நல்லதுதான். ஆனால் ஏற்கெனவே தசை குறைந்த கூட்டம் அதே கத்திக்குக் கீழே போகிறது என்பது எனக்கு உறுத்துகிறது.

எவ்வளவு போகும்? பல ஆய்வுகளைத் திரட்டி 2007இல் வந்த கணக்குப்படி, பைபாஸில் இழந்த எடையில் ஏறத்தாழ 31 சதவீதம் கொழுப்பல்லாதது. இரைப்பையில் பட்டை மாட்டினால் 18க்குப் பக்கம். அவ்வளவும் தசை என்று பயந்துவிட வேண்டாம், தண்ணீரும் அதில் சேர்த்தி. பாரம் சுமந்த உடம்பு வளர்த்துவைத்த தசையில் கொஞ்சம் இறங்குவதும் இயல்பு. அண்ணாச்சிக்குக் கால் பங்கு என்றே வைத்தாலும் 9 கிலோ ஆச்சு. அதிலும் முதல் சில மாதங்களில்தான் வேகமாகப் போகும். சுருங்கிய வயிற்றில் ரசம் சாதமும் இட்லியும் இடத்தைப் பிடித்துக்கொண்டால் புரதம் எங்கே போகும்?

தினம் குறைந்தது 60 கிராம் புரதம், நடையோடு பாரம் தூக்கும் பயிற்சி என்று டயட்டீஷியன் எழுதிக் கொடுத்த தாள் கல்லாப்பெட்டியிலேயே கிடந்தது, மடிப்புக் கலையாமல். எடுத்துப் படித்துக் காட்டினேன். இப்போது காலையில் ரெண்டு முட்டை, மத்தியானம் மீன். கடை திறந்ததும் 5 கிலோ கோதுமை மாவுப் பையை நெஞ்சோடு அணைத்து, உட்கார்ந்து எழுவது பத்து தடவை. போன வாரம் பத்து கிலோ பைக்கு மாறினார். 25 கிலோ மூட்டையைத் தூக்க இப்போதைக்குக் கடைப்பையனைத்தான் கூப்பிடுகிறார்.