எண்ணெய் வளமும் நீர் வறுமையும்: லவிங் கவுண்டியின் வரலாறு

செல்வம் மிகுந்த நிலத்தில் மக்கள் பெருகுவர் என்பது பொதுவான எண்ணம். அது எங்கும் பொருந்துவதன்று என்பதற்கு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலுள்ள லவிங் கவுண்டி தக்க சான்றாகும். கவுண்டி என்பது நம் மாவட்டத்தை ஒத்த ஆட்சிப் பிரிவு.

மாநிலத்தின் மேற்கே, நியூ மெக்சிகோ எல்லையை ஒட்டி அமைந்துள்ள இதன் பரப்பு ஏறத்தாழ 677 சதுர மைல். சிங்கப்பூரைப்போல் இரு மடங்குக்கும் அதிகம். ஆண்டு மழையோ 10 அங்குல அளவே. மேற்கெல்லையில் ஓடும் பெக்கோஸ் ஆற்றின் நீர் உவர்ப்பானது. புதரும் புல்லும் கால்நடை மேய்ச்சலுக்கே உதவுவன. அவ்வாற்றங்கரையில் மாட்டு மந்தைகளை ஓட்டிச் சென்று, கொமாஞ்சியர் தாக்குதலில் புண்பட்டு 1867இல் இறந்த ஆலிவர் லவிங் என்பவரின் பெயரையே கவுண்டி தாங்கியுள்ளது.

1887இல் எல்லை வகுக்கப்பட்ட இப்பகுதியில் 1890ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி வாழ்ந்தவர் மூவரே. ஆற்று நீரைக் கால்வாய் வழியே பாய்ச்சி வேளாண்மை செய்யலாம் என்று கூறிய குழுவினர் 1893இல் கவுண்டி ஆட்சியை நிறுவினர். கால்வாய்த் திட்டம் வெள்ளத்தால் சிதைந்தது, ஆட்சியும் நிலைக்கவில்லை. 1897இல் சட்டமன்றம் அவ்வமைப்பை நீக்கி, நிலத்தை அண்டை ரீவ்ஸ் கவுண்டியுடன் இணைத்தது. மீண்டும் 1931இல்தான் அது தனி ஆட்சி பெற்றது. டெக்சாசில் இருமுறை அமைக்கப்பெற்ற கவுண்டி இது ஒன்றே.

இரண்டாம் பிறப்புக்குக் காரணம் 1921இல் கண்டறியப்பட்ட எண்ணெய். குடியேறியோரால் 1910இல் 249ஆக இருந்த மக்கள்தொகை, 1920இல் 82ஆகச் சுருங்கியிருந்தது. எண்ணெய்த் தொழிலால் அது 1930இல் 195ஆகவும், 1940இல் 285ஆகவும் உயர்ந்தது. கணக்கெடுப்புகளில் பதிவான உச்சம் அதுவே. தலைநகரான மென்டோனுக்குக் குடிநீர் நெடுங்காலம் வெளியூரிலிருந்து வண்டிகளில் வந்தது. மாணவர் குறைந்தமையால் 1972இல் பள்ளியும் மூடப்பட்டது. பிள்ளைகள் அண்டைக் கவுண்டியிலுள்ள விங்க் நகருக்குச் சென்று படிக்க நேர்ந்தது. பள்ளியற்ற ஊரில் இளங்குடும்பங்கள் தங்குவது அரிதன்றோ?

கிடைமட்டத் துளையிடல் முறை வந்தபின் எண்ணெய் உற்பத்தி பன்மடங்கு பெருகிற்று. ஏராளமான தொழிலாளர் வந்தனர்; ஆயினும் அவர்கள் வேலைக்கு வந்து செல்வோரேயன்றிக் குடியமர்வோர் அல்லர். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மக்கள் 64 பேர். அமெரிக்கக் கவுண்டிகள் அனைத்திலும் அவ்வாண்டில் இதுவே மிகக் குறைந்த தொகையாகும்.

நிலத்தடிச் செல்வம் ஆட்சியை மீட்டுத் தந்தது. குடிகளைப் பெருக்கித் தரவில்லை. எண்ணெய் மனிதரை வரவழைக்கும். நீரும் பள்ளியுமே அவர்களை நிலைபெறச் செய்யும். லவிங் கவுண்டியின் வரலாறு உணர்த்தும் உண்மை இதுவே.