சங்கிலி ஒருவனா, இருவரா?

சரித்திர வினாவுக்கு விடை எழுதும் மாணவர் பலர், நிகழ்ந்ததை நிகழ்ந்த முறையிற் கூறிவிட்டாற் கடமை முடிந்ததெனக் கருதுகின்றனர். அது கதை கூறல். ‘இஃது எவ்வாறு தெரியவந்தது? ஏன் இவ்வாறு சொல்லப்பட்டது?’ என வினவத் தொடங்கும்போதே ஆராய்ச்சியுரை பிறக்கின்றது. இவ்வேற்றுமையை யாழ்ப்பாணத்து மன்னன் சங்கிலியின் வரலாற்றைக் கொண்டு நோக்குவோம்.

மாதகல் மயில்வாகனப் புலவர், மேக்கறூன் என்னும் ஒல்லாந்த அதிபதியின் வேண்டுகோளுக்கிணங்க 1736ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாண வைபவமாலையை இயற்றினார். அதிலே சங்கிலி தமையன்மாரை ஒழித்து அரசைக் கவர்கின்றான். மன்னாரிலே கிறித்தவரானோரைக் கொல்விக்கின்றான். ஈற்றிலே காக்கை வன்னியன் காட்டிக்கொடுக்கப் பறங்கியர் கையில் அகப்பட்டு மாள்கின்றான். குற்றஞ் செய்தவனே தண்டனையும் பெறுகின்றான். கேட்போர் மனம் நிறைவடைகின்றது. நல்ல கதைக்கு வேண்டிய கட்டுக்கோப்பு இதில் உண்டு. இக்கதை நாடக மேடை ஏறியதில் வியப்பில்லை.

இனி, ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள். மன்னார்ப் படுகொலை நிகழ்ந்தது 1544இல். யாழ்ப்பாண அரசு வீழ்ந்தது 1619இல். இடையே 75 ஆண்டுகள். முன்னதைச் செய்வித்தபோது அவனுக்கு இருபது வயதே என்று கொண்டாலும், பின்னதில் அவன் தொண்ணூற்றைந்து வயதுக் கிழவன்! சிறு கழித்தற் கணக்கு ஒன்றே கதையை அசைத்துவிடுகின்றது. நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் போன்ற ஆராய்ச்சியாளர் வைபவமாலையைப் போத்துக்கேயர் குறிப்புக்களோடு ஒத்துப்பார்த்தனர். சங்கிலி என்னும் பெயருடையார் இருவர் என்பது தெளிவாயிற்று. முதலாமவன் 1561 வரை ஆண்டவன். மற்றவன் 1617இல் அதிகாரத்தைக் கைப்பற்றி, இரண்டாண்டிற் சிறைப்பட்டுக் கோவாவிற் கொல்லப்பட்டவன்.

இதனால் மாறுவது ஆண்டு மட்டுமன்று, காரணமும் மாறுகின்றது. 1560இல் போத்துக்கேயர் நல்லூர்மீது படையெடுத்தனர். 1591இல் மீண்டும் வந்து, ஆண்ட மன்னனைக் கொன்று, எதிர்மன்னசிங்கனைத் தாமே அரியணையில் ஏற்றினர். ஆகவே, 1619இல் வீழ்ந்தது 28 ஆண்டுகளாகப் பிறர் கைக்கு அடங்கிக் கிடந்த அரசு. ‘வீழ்ச்சிக்குக் காரணம் சங்கிலியின் கொடுமையும் காக்கை வன்னியனின் துரோகமுமே’ என்று எழுதும் மாணவன் கதையைத் திருப்பிச் சொல்கின்றானேயன்றிக் காரணத்தைக் கூறினானல்லன்.

போத்துக்கேயர் எழுதியவற்றை அப்படியே நம்பிவிடலாமோ எனின், அதுவும் ஆகாது. அவர்தம் செய்திகளை விரிவாகத் தொகுத்த குவேறோஸ் பாதிரியார் தம் நூலை முடித்தது 1687இல், கோவாவில் இருந்துகொண்டு. வென்றோர் தம் வெற்றியை எழுதும்போது தமக்கு ஏற்றவாறே எழுதுவர். எனினும், கொள்கையிலும் நோக்கிலும் முரண்பட்ட இரு சாட்சிகள் ஒரு செய்தியில் உடன்படுமாயின் அதற்கு வலிமை மிகுதி.

புலவரைப் பொய்யர் என்று தள்ளுவதும் பேதைமை. அவர் எழுதியபோது அரசு அழிந்து 117 ஆண்டுகள் கடந்துவிட்டன. கைலாயமாலை, வையாபாடல் முதலிய பழம்பனுவல்களும் மக்கள் வாய்மொழியுமே அவருக்குக் கிடைத்த துணை. ஒரே பெயர் தாங்கிய இருவர் மக்கள் நினைவில் ஒருவராதல் இயல்பே. படைவலியால் நேர்ந்த தோல்விக்குப் பின்வந்தோர் ஒரு காட்டிக்கொடுப்போனைத் தேடியது ஏன் என்பது வேறொரு வினா. அதனை ஆராய்வார்க்கு வைபவமாலையினுஞ் சிறந்த சான்று நம்மிடம் இல்லை.