பெயரும் பெட்டியும்: ரவுட்டர்ப் பதிவேடு வளர்ந்த வரலாறு

ஒரு வலையமைப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தரவுப் பொட்டலங்களை வழிபார்த்து அனுப்பும் கருவியை ரவுட்டர் என்பர். திசைவி என்ற தமிழ்ச் சொல்லும் வழக்கில் உண்டு. எந்த ரவுட்டர் எங்கே இருக்கிறது, அதன் பெயரும் முகவரியும் என்ன, அது பழுதுபட்டால் யாருக்குச் சொல்ல வேண்டும் ஆகியவற்றை எழுதிவைக்கும் ஏடே வலையமைப்பு மேலாண்மைப் பதிவேடு. இணைய வரலாற்று நூல்கள் நெறிமுறைகளுக்கும் அவற்றை வகுத்த அறிஞர்களுக்கும் அளித்துள்ள இடத்தை இந்த ஏட்டுக்கு அளிக்காதது பெருங்குறை. ஏனெனில், இருப்பது எது, அதற்குப் பொறுப்பு யார் என்று தெரியாத வலையமைப்பை எந்த நெறிமுறையாலும் காப்பாற்ற முடியாது.

இன்றைய ரவுட்டரின் மூதாதை, அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகமை நிறுவிய அர்பாநெட்டில் இயங்கிய ‘இம்ப்’ என்னும் கணினி. மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் இருந்த பிபிஎன் நிறுவனம் ஹனிவெல் டிடிபி-516 கணினியைத் திருத்தியமைத்து உருவாக்கிய இக்கருவிகள், 1969-இன் பிற்பகுதியில் லாஸ் ஏஞ்சலிஸ், மென்லோ பார்க், சாண்டா பார்பரா, யூட்டா ஆகிய நான்கு இடங்களில் அடுத்தடுத்து நிறுவப்பட்டு, அந்த வரிசைப்படியே 1 முதல் 4 வரை எண் பெற்றன. எண்ணைச் சொன்னால் இடம் தெரிந்தது. இடத்தைச் சொன்னால் பெட்டி தெரிந்தது. 1970-இல் ஐந்தாம் இம்ப் பிபிஎன்னிலேயே நிறுவப்பட்டபின், ஒவ்வொரு இம்பும் ஏறத்தாழ நிமிடத்துக்கு ஒரு முறை தன் நிலையையும் தன்னோடு இணைந்த தொலைபேசித் தடங்களின் நிலையையும் கேம்பிரிட்ஜ் கட்டுப்பாட்டு மையத்துக்கு அறிவிக்கும் ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது.

இம்புகளின் கணக்கு இவ்வாறு ஒரே நிறுவனத்தின் கையில் இருக்க, அவற்றோடு இணைந்த ஹோஸ்டுகள், அதாவது பயனர்களின் கணினிகள், பெயர் விஷயத்தில் ஒழுங்கின்றிக் கிடந்தன. ஒவ்வொரு நிலையமும் தனக்கென ஒரு பட்டியல் வைத்துக்கொண்டதால், ஒரே கணினி ஓரிடத்தில் ஒரு பெயராலும் வேறிடத்தில் வேறொரு பெயராலும் அழைக்கப்பட்டது. பெயர்களைச் சீர்ப்படுத்த வேண்டும் என்று பெக்கி கார்ப் 1971-இல் ஆர்எஃப்சி 226 என்ற குறிப்பில் எழுதினார். ஆர்எஃப்சி என்பது வலையமைப்பு ஆய்வாளர்கள் தம்முள் சுற்றுக்கு விட்ட எண்ணிட்ட குறிப்புகளின் வரிசை. 1973 டிசம்பரில் பீட்டர் டாய்ச் இதே குறையை மீண்டும் எழுப்ப, 1974 ஜனவரியில் வெளிவந்த ஆர்எஃப்சி 608, மென்லோ பார்க்கின் எஸ்ஆர்ஐ நிறுவனத்தில் இயங்கிய வலையமைப்புத் தகவல் மையமே பெயர்களையும் முகவரிகளையும் ஒரே கோப்பில் பராமரிக்கும் என்று அறிவித்தது. பின்னர் உலகறிந்த ‘ஹோஸ்ட்ஸ் டாட் டெக்ஸ்ட்’ கோப்பின் பிறப்பு இதுதான்.

அந்த மையத்தை 1989 வரை தலைமையேற்று நடத்திய எலிசபெத் ஃபைன்லர், பொறியியல் வழியாக இத்துறைக்கு வந்தவர் அல்லர். உயிர்வேதியியல் பயின்று, ஓஹயோவின் கொலம்பஸ் நகரில் வேதியியல் ஆய்வுச் சுருக்கங்களைத் தொகுக்கும் பணியில் தேர்ந்து, பிறகு எஸ்ஆர்ஐயில் சேர்ந்த தகவல் வல்லுநர். ஒரு பொருளை எவ்வாறு குறித்துவைத்தால் பிறர் அதை எளிதில் தேடி எடுப்பர் என்ற நூலகத் துறையின் கேள்வியோடு அவர் இப்பணியை அணுகியது பதிவேட்டின் நற்பேறு. முகவரியோடு நின்றுவிடாமல், ஒவ்வொரு நிலையத்துக்கும் தொடர்பாளர் ஒருவர் இருக்க வேண்டும், அவர் பெயர் வெளிப்படையாகத் தெரிய வேண்டும் என்ற முறையை அம்மையத்தின் கையேடுகள் நிலைநிறுத்தின.

1970-களின் பிற்பகுதியில் அர்பாநெட்டோடு வேறு வலையமைப்புகளும் இணையத் தொடங்கியபோது, இரு வலையமைப்புகளுக்கு நடுவே நின்று பொட்டலங்களைக் கைமாற்றும் கணினிகள் தேவைப்பட்டன. ‘கேட்வே’ என்று அப்போது பெயர் பெற்ற இவையே இன்றைய பொருளில் முதல் ரவுட்டர்கள். இவற்றுக்குப் பதிவேட்டில் தனி இனமாக இடம் கிடைத்தது என்பது போதிய கவனம் பெறாத செய்தி. பதிவேட்டின் வடிவத்தை வரையறுத்த ஆர்எஃப்சி 810 1982-இலும், அதைப் புதுப்பித்த ஆர்எஃப்சி 952 1985-இலும் வெளிவந்தன. அவற்றின்படி ஒவ்வொரு வரியும் வலையமைப்பு, கேட்வே, ஹோஸ்ட் போன்ற ஓர் இனச்சொல்லோடு தொடங்க வேண்டும். ஆர்எஃப்சி 952 காட்டும் மாதிரிகளில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்ஐடியின் கேட்வேயும் ஒன்று: 10.0.0.77, 18.10.0.4 என இரண்டு முகவரிகள், பிடிபி-11 கணினி, அதில் ஓடும் இயக்குதளம், அது பேசும் நெறிமுறைகள் ஆகிய அனைத்தும் ஒரே வரியில் அடங்கியுள்ளன. முதல் முகவரி அர்பாநெட்டைச் சேர்ந்தது, இரண்டாவது எம்ஐடியின் சொந்த வலையமைப்பைச் சேர்ந்தது. இரு ஊர்களின் எல்லையில் நிற்கும் வீட்டுக்கு இரு ஊர்க் கதவிலக்கமும் இருப்பதைப் போன்றது இது. பெயர் 24 எழுத்துக்கு மிகக்கூடாது, கேட்வேயாகப் பணிபுரியும் கணினி தன் பெயரிலேயே அதைக் காட்ட வேண்டும், அப்பணி செய்யாத கணினி அந்த அடையாளத்தைச் சூடக்கூடாது என்ற விதிகளும் அதே ஆவணத்தில் உள்ளன.

வாரத்துக்கு ஓரிரு முறை மனிதக் கையால் திருத்தப்பட்டு, எல்லா நிலையங்களும் நகலெடுத்துக்கொண்ட இந்தக் கோப்பு, கணினிகள் பெருகியபோது பாரம் தாங்காமல் தவித்தது. 1983 நவம்பரில் பால் மொக்கபெட்ரிஸ் முன்வைத்த டிஎன்எஸ் என்னும் களப்பெயர் முறை, ஒரே ஏட்டைப் பல அதிகாரிகளிடம் கிளைகிளையாகப் பிரித்துக் கொடுத்து அச்சிக்கலைத் தீர்த்தது. அம்முறையின் 1987-ஆம் ஆண்டு வரையறையான ஆர்எஃப்சி 1035, முகவரியிலிருந்து பெயரைத் தேடும் தலைகீழ்க் கிளையில், ஒரு வலையமைப்பின் எண்ணுக்கு எதிரே அதன் கேட்வேக்களைப் பதிந்துவைக்கவும் வழிசெய்திருந்தது. ஆயினும் அந்த வழி நடைமுறையில் வேர் பிடிக்கவில்லை. ரவுட்டர் என்ற தனி இனம் பொதுப் பதிவேட்டிலிருந்து மெல்ல மறைந்து, ஒவ்வொரு நிறுவனத்தின் மேலாண்மை மென்பொருளுக்குள் ஒதுங்கியது.

அங்கே பதிவு செய்யும் முறையே தலைகீழாக மாறியது. 1988-இல் வெளியான எஸ்என்எம்பி நெறிமுறையின்படி, ரவுட்டரைப் பற்றிய செய்தியை மையத்தில் ஒருவர் எழுதிவைப்பதற்குப் பதிலாக, ரவுட்டரே தன்னைப் பற்றிய விவரங்களைத் தனக்குள் வைத்திருந்து, கேட்டால் விடை சொல்லும். அவ்வாறு எந்தெந்த விவரங்களைக் கேட்கலாம் என்று வகுத்த பட்டியலுக்கு மிப் என்று பெயர். கருவியின் வருணனை, அதன் வகை, அது எவ்வளவு நேரமாக இயங்குகிறது என்ற மூன்று மட்டுமே முதல் மிப்பின் தொடக்கப் பகுதியில் இருந்தன. 1991 மார்ச்சில் வெளிவந்த இரண்டாம் மிப், கருவியின் பெயர், அது இருக்கும் இடம், பொறுப்பாளரின் தொடர்பு விவரம் ஆகியவற்றையும் அங்கே சேர்த்தது. ஃபைன்லரின் கையேட்டில் இருந்த தொடர்பாளர், ரவுட்டரின் நினைவகத்துக்குள் ஒரு வரியாகக் குடியேறினார் என்றே இதைக் கொள்ள வேண்டும். அந்த வரியை நிரப்பாமல் விடவும் முடிந்தது என்பதுதான் இந்த மாற்றத்தின் பலவீனம். மையத்தில் இருந்த பதிவாளர் கேட்டு வாங்கியதைப் போல் எந்த நெறிமுறையும் கேட்டு வாங்குவதில்லை.

ரவுட்டர்களை இவ்வாறு கேட்டறிந்து தாமே பதியும் மேலாண்மை மென்பொருள்களுக்கு, எம்ஐடி கேட்வேயின் இரண்டு முகவரிகளில் தொடங்கிய சிக்கல் பெரிதாகித் திரும்பி வந்தது. இருபது இடைமுகங்களும் அவற்றுக்கு இருபது முகவரிகளும் உடைய ரவுட்டரை ஒன்றெனப் பதிவதா, இருபதெனப் பதிவதா என்ற கேள்விக்குப் பொறியாளர்கள் கண்ட விடை, எந்தத் தடம் அறுந்தாலும் உயிரோடிருக்கும் ‘லூப்பேக்’ என்னும் உள் இடைமுகத்துக்கு ஒரு முகவரி கொடுத்து, அதையே கருவியின் அடையாளமாகக் கொள்வது. பெட்டியின் பெயர் அதன் எந்தக் கம்பியோடும் ஒட்டாமல் பிரிந்து நின்றது இங்கேதான்.

அடுத்ததாக, பெயர் பெட்டியையே விட்டுப் பிரிந்தது. ஓர் அலுவலகத்தின் கணினிகள் அனைத்தும் வெளியே செல்ல ஒரே ரவுட்டரின் முகவரியை நம்பியிருந்தால், அது நின்றவுடன் அனைத்தும் துண்டிக்கப்படும். இதைத் தவிர்க்க 1998 ஏப்ரலில் ஆர்எஃப்சி 2338 வகுத்த விஆர்ஆர்பி நெறிமுறையில், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட ரவுட்டர்கள் கூடி ஒரே முகவரிக்குப் பொறுப்பேற்கின்றன. அந்த முகவரிக்குப் பின்னால் நிற்பது மெய்நிகர் ரவுட்டர். அதற்கு 1 முதல் 255 வரையில் ஓர் எண் உண்டு, அந்த எண்ணில் முடியும் வன்பொருள் முகவரியும் உண்டு, ஆனால் தனக்கெனப் பெட்டி இல்லை. முதன்மை ரவுட்டர் இயல்பாக ஒரு விநாடிக்கு ஒரு முறை தன் இருப்பை அறிவிக்க, அது மௌனமானால் காத்திருக்கும் ரவுட்டர் சில விநாடிகளில் அந்த முகவரியை ஏற்றுக்கொள்ளும்.

ஏறத்தாழ இதே காலத்தில் எதிர்த்திசையிலும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. 1999 மார்ச்சில் வந்த ஆர்எஃப்சி 2547, ஒரே பெட்டிக்குள் வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி வழி அட்டவணை வைக்கும் முறையை விளக்கியது. இரு வாடிக்கையாளர்கள் ஒரே முகவரியைப் பயன்படுத்தினாலும் குழப்பம் நேராதபடி, 4 பைட் முகவரிக்கு முன்னால் 8 பைட் வேறுபாட்டுக் குறி ஒன்று சேர்க்கப்பட்டது. அதன் ஆசிரியர் இருவருள் ஒருவரான எரிக் ரோசன், பிபிஎன்னில் இருந்தபோது 1982-இல் கேட்வேக்களுக்கு இடையிலான ஈஜிபி நெறிமுறையை எழுதியவர் என்பதைக் கருதினால், ஒரு வரிக்கு ஒரு பெட்டி என்றிருந்த உலகமும் ஒரு பெட்டிக்குள் பல ரவுட்டர்கள் என்றாகிய உலகமும் ஒரே மனிதரின் பணிக்காலத்துக்குள் அடங்கியவை என்பது விளங்கும்.

பெயரும் பெட்டியும் இவ்வாறு பிரிந்துவந்த காலத்தில் பதிவேடு ஈடுகொடுக்க எடுத்த முயற்சிகளுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. 1997-இல் சிஸ்கோவும் மைக்ரோசாஃப்டும் முன்வைத்த திட்டம், ஊழியர் பெயர்களையும் ரவுட்டர்களையும் ஒரே மரவடிவ அடைவில் சேர்க்க விரும்பியது. ஆனால் பலமுறை படிக்கவும் எப்போதாவது எழுதவும் ஏற்ற அடைவு, நொடிதோறும் மாறும் வலையமைப்பின் நிலைக்கு ஒத்துவரவில்லை. மற்றொன்று, 1996-இல் தொடங்கி 1999-இல் திருத்தப்பட்ட ‘என்டிட்டி மிப்’. அது சட்டகம், அட்டை, துளை போன்ற பருப்பொருள்களை ஓர் அட்டவணையிலும், அவற்றின்மேல் இயங்கும் தருக்க உருக்களை வேறோர் அட்டவணையிலும் எழுதி, எது எதன்மேல் நிற்கிறது என்பதை மூன்றாவது அட்டவணையில் இணைத்தது. பெட்டியையும் பெயரையும் வெவ்வேறாகப் பதிந்து உறவைத் தனியே குறிக்கும் இந்த ஏற்பாடே பதிவேட்டு வரலாற்றின் மிகத் தெளிவான சிந்தனை எனலாம்.

விஆர்ஆர்பிக்கென 2000 மார்ச்சில் தனி மிப் ஒன்று வந்தது. அதன்படி, ஒரே மெய்நிகர் ரவுட்டர் அதைத் தாங்கும் ஒவ்வொரு பெட்டியின் அட்டவணையிலும் தனித்தனி வரியாகப் பதிவாகிறது. ஒரு பெட்டியில் அதன் நிலை ‘முதன்மை’ என்றும் இன்னொரு பெட்டியில் ‘காத்திருப்பு’ என்றும் இருக்கும், இரண்டும் உண்மையே. முகவரி, முன்னுரிமை, அறிவிப்பு இடைவெளி, இயங்கிவந்த நேரம் ஆகிய அனைத்துக்கும் அந்த அட்டவணையில் நிரல்கள் உண்டு. பொறுப்பாளரின் பெயருக்கு நிரல் இல்லை. அதைத் தேடுபவர் அந்த வேளையில் எந்தப் பெட்டி முதன்மையாக இருக்கிறது என்று கண்டறிந்து, அந்தப் பெட்டிக்குள் யாரேனும் தொடர்பு வரியை நிரப்பியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.