மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின்

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்ட பிறகு யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றது. பற்றரி, உதிரிப்பாகம், சீமெந்து என்று அரசின் தடைப்பட்டியல் நீண்டுகொண்டே போனது. அப்படியும் 1950களில் செய்யப்பட்ட ஒஸ்ரின் கார்கள் நோயாளிகளையும் மணமக்களையும் ஏற்றிக்கொண்டு மண்ணெண்ணெயில் ஓடின. அந்தப் புகையின் மணத்தை அக்காலத்தில் வாழ்ந்தவர்கள் மறக்கவில்லை. பெற்றோலுக்கென்று செய்த எஞ்சின் மண்ணெண்ணெயை எப்படி ஏற்றுக்கொண்டது? அந்த முறை எங்காவது எழுத்தில் இருக்கிறதா? இந்த இரண்டு கேள்விகளோடுதான் தேடலைத் தொடங்கினேன்.

முதலில் பத்திரிகைகளைப் பார்த்தேன். நூலகம் நிறுவனம் 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிமப்படுத்திப் பாதுகாத்து வருகிறது. தடைக்காலத்து ‘உதயன்’, ‘ஈழநாதம்’ இதழ்களை அதில் புரட்டினேன். அச்சுத்தாள் கிடைக்காமல் கோடு போட்ட கொப்பித்தாளில் செய்தி அச்சிட்ட காலம் அது. சங்கக்கடைப் பங்கீடு, மரண அறிவித்தல், குண்டுவீச்சு எல்லாம் இருந்தன. நான் பார்த்த இதழ்களில் காரை மண்ணெண்ணெயில் ஓட்டும் முறை மட்டும் இல்லை. ஊரெல்லாம் தெரிந்த சங்கதியை யார் செய்தியாக எழுதுவார்கள்?

தாளில் கிடைக்காததை வாகனத்தில் தேடினேன். பழைய காரின் முதல் சான்று அதன் இலக்கத் தகடு. இஎல், இஎன், சிவை போன்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் கார் 1957க்கு முன் பதிவானது. அதன் பின் பல ஆண்டுகள் பதிவானவற்றில் சிங்கள ‘ஸ்ரீ’ இருக்கும். அந்த எழுத்தை எதிர்த்துத் தமிழரசுக் கட்சி 1957இல் போராட்டம் நடத்தியது. ஒரு தகட்டைப் பார்த்தே காரின் வயதையும் நாட்டின் அரசியலையும் படிக்கலாம். குடாநாட்டில் மிஞ்சிய ஆங்கில எழுத்துக் கார்களில் ஒஸ்ரின் ஏ40 என்னும் இனம் அடிக்கடி எதிர்ப்பட்டது. அதில் டெவன் 1947 முதல் 1952 வரையும், சோமர்செற் 1952 முதல் 1954 வரையும் தயாரிக்கப்பட்டன.

அடுத்த தடயம் அமுக்க விகிதம், அதாவது எஞ்சின் எரிபொருள் கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்ற அளவு. ஏ40இன் 1200 சிசி எஞ்சினில் அது 7ஐச் சற்றே தாண்டும். இன்றைய கார்களில் 10ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். ஏன் இவ்வளவு குறைவு? விடை இரண்டாம் உலகப் போரில் இருக்கிறது. 1939இல் பிரித்தானிய அரசு எல்லாக் கம்பனிகளின் பெற்றோலையும் ஒன்றாக்கி, தரம் குறைந்த ஒரே எரிபொருளாக விற்க வைத்தது. போர் முடிந்த பின்னும் 1953 பெப்ரவரி வரை அந்த ஏற்பாடு நீடித்தது. மட்டமான பெற்றோலிலும் தட்டாமல் ஓட வேண்டும் என்றே அக்கால எஞ்சின்களுக்கு அமுக்கத்தைக் குறைவாக வைத்தார்கள். போர்க்களத்து வில்லிஸ் ஜீப்பில் அது இன்னும் குறைவு: 6.48. மண்ணெண்ணெய் அதிக அமுக்கத்தில் தானாகவே பற்றி எஞ்சினைத் தட்ட வைக்கும். குறைந்த அமுக்கத்தில் அடங்கி எரியும். ஒரு போருக்காகக் குறைத்த அமுக்கம் இன்னொரு போரில் யாழ்ப்பாணத்தைக் காப்பாற்றியது.

ஆனால் குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதற்கு என்ன செய்தார்கள் என்பதைக் கோண்டாவில் பக்கம் ஒரு கராச்சில் மூத்த மெக்கானிக் ஒருவரிடம் கேட்டேன்.

“சேலைன் குழாயாலை காபரேற்றருக்குள்ளை கொஞ்சம் பெற்றோல் விடுவம், தம்பி. எஞ்சின் நல்லாச் சூடானாப் பிறகுதான் மண்ணெண்ணெயைத் திறக்கிறது.”

“நிப்பாட்டேக்கை, ஐயா?”

“அங்கைதான் விசயம். நிப்பாட்ட முன்னம் திரும்பப் பெற்றோலுக்கு மாத்தி ஓடவேணும். இல்லாட்டி விடியக் காலமை ஸ்டார்ட் வராது.”

பேசிக்கொண்டே ஒயில் கம்பியை உருவி, இரு விரலால் தேய்த்து முகர்ந்து காட்டினார். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் வழியே வழிந்து ஒயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்யும். அந்த மணம் ஏறினால் ஒயிலை மாற்றியே ஆகவேண்டும். தவறினால் பெயாரிங் தேய்ந்துவிடும்.

அவர் சொன்ன விதியை வேறோர் இடத்தில் அப்படியே கண்டேன். 1949இல் வந்த பேர்கசன் உழவு இயந்திரத்தின் ஒரு வகை, மண்ணெண்ணெய் இனத்து எரிபொருளில் ஓடுவதற்கென்றே செய்யப்பட்டது. பெற்றோலில் தொடங்கி, சூடானதும் மாற்றி, நிறுத்துமுன் மீண்டும் பெற்றோலுக்கு வரவேண்டும் என்பதே அதற்கும் விதி. எரிபொருள் ஆவியாகப் போதிய சூடு வேண்டும் என்று அதன் குழாய்த்தொகுதிக்கு வெப்பக் கவசமும் வைத்தார்கள். ஒஸ்ரினில் புகை போகும் குழாயும் எரிபொருள் வரும் குழாயும் எஞ்சினின் ஒரே பக்கத்தில் ஒட்டி அமைந்தவை. கவசம் இல்லாமலே சூடு கிடைத்தது.

பேர்கசன் இயந்திரம் உருவான கொவென்றியில் பொறியியலாளர்கள் வரைபலகையில் கண்ட விடையை, நம் மெக்கானிக்குகள் குண்டுச் சத்தத்துக்கு நடுவில் கையால் கண்டு நடத்தியிருக்கிறார்கள். இந்தத் தேடலில் நான் வந்தடைந்த முடிவு இது.

ஒரு வேறுபாடு மனதை உறுத்துகிறது. மேலே சொன்ன ஜீப்புக்கு அமெரிக்க இராணுவம் 1944இல் டிஎம் 9-803 என்ற கைநூலை வெளியிட்டது. உலகெங்கும் பழைய ஜீப்பைப் புதுப்பிக்கும் ஆர்வலர்கள் இன்றும் அதை வைத்தே ஆணி ஆணியாகக் கழற்றிப் பூட்டுகிறார்கள். ஃபோர்ட் செய்த ஜீப்பில் ஆணித் தலையிலும் ‘எஃப்’ எழுத்து இருக்கும் என்ற நுணுக்கம் வரை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். குடாநாட்டின் கராச் அறிவுக்கு அப்படி ஒரு கைநூல் இல்லை. குருவின் கையிலிருந்து சீடனின் கைக்குப் போன அந்த அறிவின் கடைசித் தலைமுறை இப்போது முதுமையில் இருக்கிறது.

உங்கள் ஊரில் அப்படியொரு மெக்கானிக் இருந்தால் இந்த வாரமே போய்ப் பேசுங்கள். அவர் சொல்வதைக் குரலில் பதியுங்கள். கருவிகளைப் படம் எடுங்கள். பழைய பற்றுச்சீட்டு, கைநூல் எதையும் எரிக்காமல் ஆவணகத்தில் சேர்த்துவிடுங்கள். கார்களைப் பிறகும் புதுப்பிக்கலாம், அவற்றை ஓட வைத்தவர்களிடம் பிறகு கேட்க முடியாது.