விசிறி ஓய்வெடுக்கக் கற்ற கதை

"சேர், வேர்ட் மட்டும்தான் திறந்திருக்கு. ஏன் இவ்வளவு இரைச்சல்?" கணினி அறையில் ஒரு மாணவன் கேட்டான். பக்கத்தில் இருந்தவன் கிராபிக்ஸ் காட்டின் விசிறி வயரைக் கழற்றிவிடலாம் என்றான். தடுத்துவிட்டு, இந்தக் கதையைச் சொன்னேன்.

1996இல் வந்த வூடூ காட்டில் விசிறியே இல்லை. அவ்வளவு சூடு வரவில்லை. சிப்பின் வேகம் ஏற ஏற, அதன் மேல் அலுமினியத் தகடு வந்தது, பிறகு விசிறி வந்தது. 2003இல் என்விடியாவின் ஜீபோர்ஸ் எஃப்எக்ஸ் 5800 அல்ட்ரா போட்ட இரைச்சல் உலகப் பகிடியானது. அந்தக் கம்பனியே தன்னைக் கேலிசெய்து வீடியோ எடுத்தது!

பெரிய விசிறியை மெதுவாகச் சுற்றவிடுவது ஒரு தீர்வு. ஆனால் பெரிய மாற்றம் வேறு: வேலை குறைந்தால் சிப் தன் வேகத்தையும் வோல்ற்றளவையும் சேர்த்துக் குறைத்துக்கொள்ளும். வோல்ற்றளவு பாதியானால், அதே வேகத்திலும் சிப்பின் இயக்கத்துக்குச் செலவாகும் வலு ஏறத்தாழ கால்பங்காகிவிடும். சூடே இல்லாவிட்டால் காற்று எதற்கு? 2014இல் அஸுஸ், எம்எஸ்ஐ போன்றவை, சிறு வேலைகளின்போது விசிறி முழுதாக நின்றுவிடும் காட்களை விற்றன.

எங்கள் காட் அதற்கு முந்தியது. வயரைக் கழற்றியிருந்தால் எரிந்திருக்கும். மின்னை நிறுத்தி, தூசியைத் துடைத்து, காய்ந்த வெப்பப் பசையை மாற்றினோம். இரைச்சல் பாதிக்கு மேல் அடங்கியது.

சத்தம் வந்தால் வாயை அடைக்காதீர்கள், காரணத்தைத் தேடுங்கள். பிள்ளைகளுக்கும் அதுதான்.